கபுகி நடிகர் அச்சோவியங்களில் உடையும் பாத்திரமும்

முன்னுரை

ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பெற்ற ஓவியங்களுள் கபுகி நடிகர்களின் உருவங்கள் பெரும்பங்கு பெறுகின்றன. அவற்றை மேடையுடையின் நேரடிப் பதிவுகளாகக் கொள்வது எளிது. ஆயினும், சில படங்கள் நாடகம் அரங்கேறுவதற்கு முன்பே வரையப்பட்டன. ஆதலின், உடை இப்படங்களில் எப்பணியைச் செய்தது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். நடிகர், பாத்திரம் என்னும் இருவரை ஓருடலில் காட்டுவதே ஓவியர் எதிர்கொண்ட சிக்கல் ஆகும். அதன் தீர்வில் உடை பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

குடும்பச் சின்னம்

தொரீ கியோனொபு (1664–1729) முதலான தொரீ மரபு ஓவியர்களின் படங்களில் முகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் அமைந்தவை. நடிகர் யார் என்பதை ஆடையில் பொறித்த குடும்பச் சின்னமே உணர்த்தியது. இச்சிகாவா டான்ஜூரோ மரபினரின் சின்னம், ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மூன்று சதுர அளவைப் பெட்டிகளாகும். அம்மரபுக்குரிய ‘ஷிபராக்கு’ நாடகத்தில், எளியோரைக் காக்க வரும் வீரனின் செம்பழுப்பு நிற உடையின் அகன்ற கைகளில் இச்சின்னம் மிகப் பெரிதாக இடம்பெறும். இங்கு நடிகரின் அடையாளமே பாத்திரத்தின் உடையாகிவிடுகிறது.

பெண்வேடமும் ஊதாத் துணியும்

1629இல் பெண்களும் 1652இல் இளைஞர்களும் கபுகி மேடையில் நடிப்பது தடைசெய்யப்பட்டது. பின்னர், நடிகர்கள் முன்னந்தலையை மழித்துக்கொள்ள நேர்ந்தது. பெண்வேடம் பூண்டோர் மழித்த பகுதியை ஊதா நிறத் துணியால் மறைத்தனர். அச்சோவியங்களில் பெண் பாத்திரத்தின் நெற்றிமீது இத்துணி அழகுக்குரிய அணியாகவே தோன்றுகிறது. அதேவேளையில், அணிந்தவர் ஆண் என்பதையும் அறிவிக்கிறது. எனவே, இத்துணி பாத்திரத்தின் இயல்பிலிருந்து தோன்றியதன்று, அரசாணையின் விளைவாகும்.

முகச்சாயலின் வருகை

1760களில் கட்சுகாவா ஷுன்ஷோ, இப்பிட்சுசாய் புன்ச்சோ ஆகியோர் நடிகரின் தனித்த முகச்சாயலை வரையத் தொடங்கினர். 1770இல் இருவரும் இணைந்து வெளியிட்ட ‘எஹோன் புத்தாய் ஓகி’ என்னும் படநூல் இம்முறைக்குச் சான்றாகும். நடிகரை அறிவிக்கும் பொறுப்பை முகமும் ஏற்றதால், உடை பாத்திரத்தின் நிலையையும் மனப்போக்கையும் உணர்த்தும் வாய்ப்புப் பெருகியது. 1794இல் ட்சுதாயா ஜூசாபுரோ பதிப்பித்த தோஷுசாய் ஷாராக்குவின் அரையுருவப் படங்களில் இது தெளிவாகிறது. ஓதானி ஓனிஜி ஏற்ற எடோபெய் என்னும் கொடியவனின் கைகள், விரல்கள் விரிந்த நிலையில் உடையின் மார்புப் பகுதியிலிருந்து வெளிப்படுகின்றன. அங்கு உடை, தாக்க முனையும் எண்ணத்தை மறைத்து வைத்திருக்கும் உறையாகிறது. பெண்வேடப் படங்களிலோ பெண்ணுடைக்குள் ஆண்முகம் ஒளிவின்றித் தெரிகிறது. ஏறத்தாழப் பத்து மாதங்களில் 140க்கும் மேற்பட்ட படங்களை வரைந்த ஷாராக்கு, அதன்பின் இத்துறையில் காணப்படவில்லை.

தடைக்காலம்

1842இல் தெம்போ சீர்திருத்தத்தின்கீழ் நடிகர் படங்கள் தடைசெய்யப்பட்டன. அவ்வாண்டிலேயே ஏழாம் டான்ஜூரோ ஆடம்பரக் குற்றச்சாட்டின் பேரில் எடோவிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர்ப் படங்கள் மீண்டும் வெளிவந்தபோது, பலவற்றில் நடிகர் பெயர் இடம்பெறவில்லை. முகச்சாயலோடு ஆடையின் சின்னமும் கோலமும் பெயரின் இடத்தை நிரப்பின. அரிவாள், வளையம், ‘நு’ என்னும் எழுத்து ஆகிய மூன்றையும் சேர்த்துக் ‘கமாவனு’ (‘பொருட்படுத்தேன்’) எனப் படிக்கப்படும் கோலம் ஏழாம் டான்ஜூரோவுடன் தொடர்புடையது. இத்தகைய கோலத்தை அறிந்த இரசிகருக்குப் பெயர் தேவைப்படவில்லை.

முடிவுரை

அச்சோவியத்தில் காணும் உடை ஒருபடித்தான சான்றன்று. குடும்பச் சின்னம் நடிகருக்குரியது. எடோபெய்யின் மேலாடை பாத்திரத்திற்குரியது. ஊதாத் துணி அரசாணையால் வந்தது. ஆகவே, மேடையுடை வரலாற்றுக்கு இப்படங்களைப் பயன்படுத்துவோர், ஒவ்வோர் உறுப்பும் இம்மூன்றனுள் எதனைச் சார்ந்தது எனப் பிரித்தறிந்த பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளுதல் தகும்.