கடலில் நட்ட அடையாளங்கள்

'மாலுமி' என்னும் தமிழ்ச் சொல்லின் மூலம் அரபியின் 'முஅல்லிம்' என்பதாகும். மதரஸாவில் ஆசிரியரைக் குறிக்கும் அதே சொல்லே மரக்கலத்தில் வழி நடத்துபவரையும் குறித்தது. பொருத்தமான பெயர்தான். நீருக்கடியில் பாறை எங்கே, மணல்திட்டு எங்கே என்பது அவருடைய கல்வி. ஹிஜ்ரி 895 (கி.பி. 1490) அளவில் 'கிதாபுல் ஃபவாயித்' நூலை யாத்த அஹ்மத் இப்னு மாஜித், கரையின் தோற்றம், நீரின் நிறம், பறவைகள், கடற்பாம்புகள் ஆகிய 'இஷாராத்'களை, அதாவது அடையாளங்களை, விரித்துரைக்கிறார்.

எனினும் முஅல்லிம் இல்லாத கலத்துக்கு இவ்வறிவு பயன்படாது. அதை நீரிலேயே நட்டு யாவருக்கும் பொதுவாக்கும் ஏற்பாடு, இப்னு மாஜிதுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீக வளைகுடாவில் இருந்தது. திஜ்லாவும் ஃபுராத்தும் ஒன்றாகிக் கடலில் கலக்கும் அப்பாதான் அருகே 'கஷபாத்' எனப்பட்ட மரக்கட்டுமானங்கள் நின்றன. கஷப் என்றால் மரம். அவற்றின்மீது இரவில் தீ மூட்டப்பட்டதை, ஹிஜ்ரி 345இல் மறைந்த வரலாற்றாசிரியர் மஸ்ஊதி குறிப்பிடுகிறார். ஒரு நூற்றாண்டு கழித்து, ஹிஜ்ரி 443இல் பஸ்ராவிலிருந்து அவ்வழியே சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ அதை அளவோடு வருணிக்கிறார்: நான்கு பெருந்தேக்கு மரங்கள், அடியில் அகன்று உச்சியில் குறுகி, ஏறத்தாழ 40 கஜ உயரம், மேலே காவலர் அறை, காற்று அணைத்துவிடாதபடி கண்ணாடிக்குள் விளக்கு. அங்கே கடல் ஆழமற்றது, பெருங்கலம் தரைதட்டிவிடும். கொள்ளையர் வருவதை முன்கூட்டியே காணவும் அது உதவிற்று.

இன்றைய மிதவைகள் இதே பணியையே செய்கின்றன. ஆனால் அடையாளம் இருந்தால் மட்டும் போதாது. அதன் மொழி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். 1971இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணையில் ஒரு கப்பல் மூழ்கியது. அதன் சிதைவில் அடுத்தடுத்து இரு கப்பல்கள் மோதின; எச்சரிக்கைக் குறிகள் இடப்பட்ட பின்னரும் மூன்றாவது விபத்து நேர்ந்தது. மொத்தம் 51 உயிர்கள் பறிபோயின. நாட்டுக்கொரு முறையாய் இருந்த மிதவைக் குறிகளை ஒழுங்குபடுத்தும் முயற்சியை இது விரைவுபடுத்த, 1980இல் உலக உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி இந்தியாவில், கடலிலிருந்து துறைமுகத்துள் நுழையும் கலத்துக்கு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நேர்மாறு! ஒருமைப்பாடு அந்த அளவில் நின்றுவிட்டது.

கடலற்ற நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இதில் என்ன தொடர்பு எனலாம். கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி இம்மாவட்டத்தின் பிலிகுண்டுலு வழியாகவே ஒகேனக்கலை அடைகிறது. அங்கே பாறைகளினூடே பரிசல் செலுத்துபவருக்குச் சிவப்பு மிதவையும் இல்லை, பச்சை மிதவையும் இல்லை. சுழல் எங்கே, மூழ்கிய பாறை எங்கே என்பதைத் துடுப்புப் பிடித்த கையே அறியும். பழைய பொருளில் அவரே முஅல்லிம். அவர் அறிவுக்கு அப்பாற்பட்டது மேலணைகளிலிருந்து திறந்துவிடப்படும் வெள்ளம். அதனை மத்திய நீர் ஆணையத்தினர் பிலிகுண்டுலுவில் அளக்கின்றனர். நீர்வரத்து மிகும்போது பரிசல்களைக் கரையேற்றச் சொல்லி மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது.