வெள்ளத்தைத் தாங்கும் நெல்: சப்1ஏ மரபணுவின் வரலாறு

நெல் நீரில் நிற்கும் பயிரே தவிர நீருக்குள் வாழும் பயிர் அன்று. பெரும்பாலான ரகங்கள் முழுதும் மூழ்கி ஒரு வாரம் கடந்தாலே அழியத் தொடங்குகின்றன. ஒடிசாவின் தாழ்நில உழவர்கள் பயிரிட்டுவந்த தல்புட்டியா என்னும் நாட்டு நெல் இதற்கு விலக்கு. ஒரே செடியின் வழித்தோன்றல்களை மட்டும் பிரித்துப் பெருக்கும் தனிவழித் தேர்வின் மூலம் அதிலிருந்து பெறப்பட்ட எஃப்ஆர் 13ஏ, இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்த பின்னும் தழைத்தது. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1970களில் பல்வேறு ரகங்களை மூழ்கடித்துச் சோதித்தபோதும், இதுவும் இலங்கையின் குர்கருப்பன் போன்ற மிகச் சிலவுமே தேறின.

எனினும் எஃப்ஆர் 13ஏவைப் பெற்றோராகக் கொண்ட தொடக்ககாலக் கலப்புகளில் தாங்குதிறனோடு குறைந்த விளைச்சலும் தரமற்ற அரிசியும் சேர்ந்தே வந்ததால் அவை வயலில் நிலைக்கவில்லை. 1996இல் கெனாங் சூ, டேவிட் மேக்கில் ஆகியோர் இப்பண்பின் பெரும்பகுதி ஒன்பதாம் குரோமோசோமின் ஒரே இடத்தில் அடங்கியிருப்பதைக் காட்டி, அவ்விடத்துக்குச் சப்1 எனப் பெயரிட்டனர். அங்குள்ள சப்1ஏ என்ற மரபணுவே காரணம் என்பது 2006இல் உறுதியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு முழுமையாக வாசிக்கப்பட்ட நிப்பான்பாரே என்னும் ஜப்பானிய ரகத்தின் மரபுத்தொகுதியில் இம்மரபணு அறவே இல்லை. உலகம் முழுவதும் முன்மாதிரியாகக் கொண்ட வரைபடத்தில் இல்லாத ஒன்றை உழவரின் விதை காத்து வைத்திருந்தது என்பதால், இக்கண்டுபிடிப்பின் முதற்பங்கைத் தல்புட்டியாவைப் பேணியவர்களுக்கு அளிப்பதே முறை.

சப்1ஏவின் வேலை செடியை வளர்ப்பதன்று, வளரவிடாமல் தடுப்பது. மூழ்கிய செடியிலிருந்து எத்திலீன் வாயு வெளியேற இயலாமல் திசுக்களில் தேங்குகிறது. அதன் தூண்டுதலால், வளர்ச்சி ஊக்கியான ஜிப்பெரெல்லினின் செயல் மிகுந்து, சாதாரண நெல் நீர்மட்டத்தைத் தொட்டுவிட முயன்று தண்டையும் இலையையும் நீட்டுகிறது. சில நாட்களில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்துவிட, வெள்ளம் வடிந்ததும் அது துவண்டு சாய்கிறது. அதே எத்திலீனால் முடுக்கிவிடப்படும் சப்1ஏ, ஜிப்பெரெல்லினுக்குத் தடையாகும் புரதங்களைப் பெருக்கி நீட்சியை அடக்குகிறது. செடி இருப்பைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடந்து, நீர் வடிந்தபின் புதுத்துளிர் விடுகிறது. ஆழ்நீர் நெல்லின் ஸ்நார்க்கல் மரபணுக்கள் (2009) இதே குடும்பத்தைச் சேர்ந்திருந்தும் நேரெதிராகத் தண்டை நீளவைப்பது வியப்புக்குரியது.

ஆந்திரத்தின் மாருடேருவில் உருவான ஸ்வர்ணா ரகத்துடன் மீண்டும் மீண்டும் பிற்கலப்புச் செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏ அடையாளக் குறிகளால் நாற்றுகளைத் தெரிந்தெடுத்து, சப்1 அமைந்த சிறு துண்டை மட்டும் அதில் சேர்த்தனர். இவ்வாறு பிறந்த ஸ்வர்ணா-சப்1 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. பத்து நாள் மூழ்கிய வயல்களில் அது ஸ்வர்ணாவைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தரும் என்று ஒடிசாவில் நடந்த ஆய்வு 2013இல் மதிப்பிட்டது. வெள்ளம் வராத பருவத்தில் விளைச்சல் குறையவுமில்லை. காவிரிப் படுகையில் பெயர்பெற்ற சி.ஆர். 1009 ரகத்திலும் இதே முறையில் சப்1 ஏற்றப்பட்டது.

ஆயினும் இம்மரபணு வந்து வடியும் வெள்ளத்துக்கே உதவும். வாரக்கணக்கில் அரையளவு தேங்கும் நீரில் குட்டையாய் அடங்கிக் கிடப்பதே செடிக்குப் பாதகமாகிறது. நேரடி விதைப்பில் நீருக்கடியில் முளைக்க வேண்டிய விதைக்கும் அது பயன்படுவதில்லை. அத்திறனுக்கான வேறொரு மரபணு, மியான்மரின் காவ் ஹலான் ஆன் என்னும் நாட்டு ரகத்திலிருந்து 2015இல் இனங்காணப்பட்டது.