குழாய்த் தண்ணீரில் தொடங்கிய கதை

கதிரவெளியில எங்கட கூட்டாளி ஒருத்தன்ட அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ ஸ்கேன் எழுதிக் குடுத்திருந்தாங்க. மூளைக்குப் போற இரத்த ஓட்டத்தப் பாக்கவாம். "வெட்டாம, குத்தாம, உள்ளுக்க ஓடுற வேகத்த எப்படி மகன் கண்டுபிடிப்பாங்க?" எண்டு அம்மா கேட்டா. கலைப்பீடத்துப் பிள்ளைகள் நாங்க, பதில் தெரியாமல் முழிச்சோம். பிறகு தேடி வாசிச்சோம்.

வெருகல் ஆற்றில் நீரோட்டம் பார்க்க ஒரு இலையைப் போட்டு, அது போகிற தூரத்தைப் பார்ப்போமே, அதே வழிதான். இங்கே இலையின் வேலையைச் செய்வது இரத்தத்திலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கரு. பலமான காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலை செலுத்தினால், அது திரும்ப ஒரு சமிக்ஞை தரும்.

இந்த வரலாற்றை வழக்கமாக 1973இலிருந்து சொல்வார்கள். அந்த வருசம்தான் அமெரிக்காவில் போல் லாட்டர்பர் காந்தப் பரிவைக் கொண்டு எடுத்த முதல் படங்களை வெளியிட்டார். 2003இல் அவருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனா "ஓட்டத்தை எப்படி அளப்பது?" என்ற கேள்வியைப் பிடிச்சுக்கொண்டு பின்னால போனால், பெங்களூருக்கு வந்து சேருவோம். அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன், காந்தத்தின் நடுவே ஒரு குழாயில் திரவத்தை ஓடவிட்டுப் பார்த்தார். அந்த ஆய்வு 1951இல் வெளியானது. நிற்கிற தண்ணீர் தொடர்ந்து ரேடியோ அலை வாங்கினால் களைத்துப்போகும், சமிக்ஞை மங்கும். ஓடினால், களைக்காத புதுத்தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், சமிக்ஞை கூடும். அப்படியென்றால், சமிக்ஞை மாறுவதைப் பார்த்தே ஓட்டத்தை அறியலாம்.

1959இல் கலிபோர்னியாவில் ஜெரோம் சிங்கர் இந்த வழியை எலியின் வாலில் ஓடும் இரத்தத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த வருசம் எர்வின் ஹான் கடல்நீரின் அசைவை இப்படி அறியலாமா என்று எழுதினார். 1982இல் போல் மொரான், அசைகிற அணுக்கருவின் சுழற்சிக் கட்டம் நிற்பதன் கட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வேகத்தையே படமாக்கும் வழியைச் சொன்னார். இன்று ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ மூலம் சாயம் ஏற்றாமல் இரத்தத்தின் வேகத்தை அளப்பது இந்த வழியில்தான்.

நாங்க படிச்ச ஒரு பாடப்புத்தகத்திலும் சூர்யன்ட பெயர் இல்ல. படத்தில் தொடங்கினால் கதை அமெரிக்காவில் தொடங்கும். ஓட்டத்தில் தொடங்கினால் பெங்களூரில் தொடங்கும். வரலாற்றை எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் யாருடைய பெயர் மிஞ்சும் என்பதும் இருக்கு.

அம்மாட்ட குழாய்க் கதையைச் சொன்னோம். "தண்ணிய வச்சுத்தானா பாக்காங்க? அப்ப பயமில்ல" எண்டா.