பாட்டில்ஃபீல்டு 3 – மாடர்ன் வார்ஃபேர் 3 போட்டி

பாட்டில்ஃபீல்டு 3, கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 3 ஆகியன 2011 ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு வார இடைவெளியில் வெளியான இரு போர்க்கள நிகழ்பட ஆட்டங்கள் ஆகும். இரண்டும் முதல்நபர் சுடும் ஆட்டம் என்னும் வகையைச் சேர்ந்தவை. இவ்வகை ஆட்டங்களில் ஆடுபவர், தாம் இயக்கும் போர்வீரனின் கண்கள் வழியாகவே களத்தைக் காண்பார். முதலாவது ஆட்டத்தை சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் இயங்கும் டைஸ் நிறுவனம் உருவாக்க, அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. இரண்டாவது ஆட்டத்தை இன்ஃபினிட்டி வார்டு, ஸ்லெட்ஜ்ஹாமர் கேம்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் உருவாக்க, ஆக்டிவிஷன் வெளியிட்டது.

இவ்விரு ஆட்டங்களும் வெளிவருவதற்கு முன்னர் ஆட்டக்காரர்களிடையே எழுந்த எதிர்பார்ப்புகள், அவற்றின் காரணங்கள், அவை எந்த அளவுக்கு நிறைவேறின என்பன பற்றி இக்கட்டுரை விவரிக்கிறது.

## பின்னணி

பாட்டில்ஃபீல்டு தொடரின் முதல் ஆட்டமான பாட்டில்ஃபீல்டு 1942, 2002 ஆம் ஆண்டு வெளியானது. இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட இவ்வாட்டத்தில் ஒரே நேரத்தில் 64 பேர் வரை இணையம் வழியாக ஆட முடிந்தது. பரந்த நிலப்பரப்பு, டாங்கி, வானூர்தி, கப்பல் ஆகியவற்றை ஆட்டக்காரரே இயக்கும் வசதி ஆகியன இதன் தனித்தன்மைகள். 2005 இல் வெளியான பாட்டில்ஃபீல்டு 2 இக்காலப் போர்முறைக்கு மாறியது. ஆறு பேர் கொண்ட சிறு குழுக்களும், அணி முழுவதற்கும் கட்டளையிடும் தளபதிப் பொறுப்பும் இதில் இடம்பெற்றன. இவ்வாட்டம் கணினிக்கு மட்டுமே வெளியானது.

கால் ஆஃப் டியூட்டி தொடர் 2003 இல் தொடங்கியது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட மெடல் ஆஃப் ஆனர்: அலைடு அசால்ட் (2002) என்னும் ஆட்டத்தை உருவாக்கிய குழுவிலிருந்து வெளியேறியவர்களே இன்ஃபினிட்டி வார்டு நிறுவனத்தைத் தொடங்கினர். ஜேசன் வெஸ்ட், வின்ஸ் சாம்பெல்லா, கிராண்ட் காலியர் ஆகியோர் இதன் நிறுவனர்கள். இந்நிறுவனம் 2007 இல் உருவாக்கிய கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர், சிறிய களம், விரைவான மோதல், ஆடும்தோறும் புதிய ஆயுதங்களைத் திறக்கும் தர உயர்வு முறை ஆகியவற்றால் பெரும் வரவேற்பைப் பெற்றது.

இதிலிருந்து இரு தொடர்களின் அடிப்படை வேறுபாட்டை அறியலாம். ஒன்று பெருங்களத்தில் அணியாகச் செயல்படுவதையும், மற்றொன்று தனி ஆட்டக்காரரின் விரைவையும் குறிவைப்பையும் முதன்மையாகக் கொண்டது.

## போட்டி கூர்மையடைதல்

2010 மார்ச்சில் வெஸ்ட், சாம்பெல்லா இருவரையும் ஆக்டிவிஷன் பணிநீக்கம் செய்தது. அவர்கள் அடுத்த மாதமே எலக்ட்ரானிக் ஆர்ட்சின் ஆதரவுடன் ரெஸ்பான் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கினர். இன்ஃபினிட்டி வார்டு ஊழியர் பலரும் அவர்களுடன் சேர்ந்தனர். இது தொடர்பான வழக்குகள் 2012 மே மாதத்தில் சமரசத்தில் முடிந்தன. எனவே 2011 இல் மாடர்ன் வார்ஃபேர் 3 உருவாகி வந்தபோது, முன்னோடிகள் விலகிய ஒரு நிறுவனம் அதே தரத்தைப் பேணுமா என்ற ஐயம் ஆட்டக்காரரிடையே நிலவியது. அக்குறையை ஈடுசெய்யவே, 2009 இல் கிளென் ஸ்கோஃபீல்டு, மைக்கேல் காண்ட்ரி ஆகியோர் தொடங்கிய ஸ்லெட்ஜ்ஹாமர் கேம்சும் பணியில் இணைக்கப்பட்டது.

விளம்பரங்களிலும் போட்டி வெளிப்பட்டது. 2011 ஜூலையில், மாடர்ன் வார்ஃபேர் 3 என்னும் பெயரில் யாரோ பதிவு செய்திருந்த இணைய முகவரி ஒன்று, அதைத் திறப்போரைப் பாட்டில்ஃபீல்டு 3 இன் தளத்துக்குத் திருப்பிவிட்டது. ஆக்டிவிஷன் முறையிட்டு அம்முகவரியைப் பெற்றுக்கொண்டது.

## ஆட்டக்காரர்களின் எதிர்பார்ப்புகள்

### பாட்டில்ஃபீல்டு 3

பாட்டில்ஃபீல்டு 2 வெளியாகி ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. இடையில் வெளியான பேட் கம்பெனி (2008), பேட் கம்பெனி 2 (2010) ஆகியன வீட்டு ஆட்டக் கருவிகளை முதன்மையாகக் கருதி உருவாக்கப்பட்டவை. அவற்றில் தாரை வானூர்திகளை இயக்கவோ, குப்புறப் படுத்துச் சுடவோ இயலாது. ஆகவே கணினி ஆட்டக்காரர்களின் எதிர்பார்ப்புகள் பின்வருமாறு அமைந்தன:

* ஒரே களத்தில் 64 பேர் ஆடும் வசதி
* தாரை வானூர்திகள்
* குப்புறப் படுத்துச் சுடும் வசதி
* தளபதிப் பொறுப்பு
* ஆறு பேர் கொண்ட சிறு குழுக்கள்
* ஆட்டத்தை ஆர்வலரே மாற்றியமைப்பதற்கான மென்பொருட் கருவிகள்
* பேட் கம்பெனி 2 இல் இருந்ததுபோல் கட்டடங்கள் இடிந்து விழுதல்

இவற்றுள் முதல் மூன்றும் நிறைவேறின. தளபதிப் பொறுப்பு இடம்பெறவில்லை; அது 2013 இல் பாட்டில்ஃபீல்டு 4 இல் திரும்பியது. சிறு குழு நால்வருடன் நின்றது. மாற்றியமைக்கும் கருவிகள் வழங்கப்படவில்லை. கட்டடங்கள் சிதைந்தாலும், முழுமையாக இடிவது முந்தைய ஆட்டத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஆட்டக் கருவிகளில் 24 பேர் மட்டுமே சேர்ந்து ஆட முடிந்தது.

### மாடர்ன் வார்ஃபேர் 3

மாடர்ன் வார்ஃபேர் 2 (2009), கணினி ஆட்டக்காரரிடையே பெரும் மனக்குறையை ஏற்படுத்தியிருந்தது. தனி வழங்கிகளுக்கான ஆதரவு அதில் நீக்கப்பட்டதை எதிர்த்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இணைய விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். அடுத்த ஆட்டத்தில் தனி வழங்கிகள் திரும்ப வேண்டும் என்பது அவர்களின் முதற் கோரிக்கை. அளவுக்கு மீறிய வலிமை கொண்ட ஆயுதங்களும் தொடர்கொலைப் பரிசுகளும் சீர்செய்யப்பட வேண்டும் என்பதும், முந்தைய ஆட்டத்தில் பாதியில் நின்ற கதை முடிவு பெற வேண்டும் என்பதும் ஏனைய எதிர்பார்ப்புகள்.

தொடர்கொலைப் பரிசு முறை மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டது. அணிக்கு உதவுவோரும் பரிசு பெற இதில் வழியிருந்தது. கதையும் முடித்து வைக்கப்பட்டது. தனி வழங்கிகள் திரும்பினாலும், அவற்றில் ஆடுவோருக்குத் தர உயர்வுப் புள்ளிகள் சேரவில்லை. இதனால் கோரிக்கை பெயரளவிலேயே நிறைவேறியது எனக் கணினி ஆட்டக்காரர் பலர் கருதினர்.

## தொழினுட்ப வேறுபாடுகள்

பாட்டில்ஃபீல்டு 3, ஃபிராஸ்ட்பைட் 2 என்னும் புதிய ஆட்டப் பொறியில் உருவானது. ஒளி பரவுதலைக் கணிக்கப் பிரித்தானியாவின் ஜியோமெரிக்ஸ் நிறுவன மென்பொருளும், மாந்தரின் அசைவுகளுக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்சின் விளையாட்டுப் பிரிவு உருவாக்கிய அமைப்பும் பயன்படுத்தப்பட்டன. இவ்வாட்டம் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில் இயங்காது. மாடர்ன் வார்ஃபேர் 3 இன் ஆட்டப் பொறி, குவேக் 3 ஆட்டத்தின் பொறியிலிருந்து படிப்படியாக வளர்ந்த ஒன்று. காட்சித் தரத்தில் இதனைப் பழமையானது என்று பலர் குறைகூறினர்.

எனினும் ஆட்டக் கருவிகளில் மாடர்ன் வார்ஃபேர் 3 வினாடிக்கு 60 சட்டகங்களையும், பாட்டில்ஃபீல்டு 3 வினாடிக்கு 30 சட்டகங்களையும் இலக்காகக் கொண்டன. முதலாவதில் திரை ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறையும், இரண்டாவதில் 33.3 மில்லிவினாடிக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படும். விசையை அழுத்தியவுடன் துப்பாக்கி சுடுவதாகத் தோன்றும் உணர்வுக்கு இவ்வேறுபாடே முதன்மைக் காரணம். அக்காலக் கருவிகளின் நினைவகம் 512 மெகாபைட்டு மட்டுமே. அதே நினைவகத்தையும் செயலியையும் ஒரு நிறுவனம் பரந்த களத்துக்கும் விரிவான காட்சிக்கும், மற்றொன்று விரைவுக்கும் செலவிட்டது எனலாம்.

## வழங்கிச் சிக்கல்

இணையவழி ஆட்டத்தில் யாருடைய குண்டு யாரைத் தாக்கியது என்பதை ஒரு கணினி தீர்மானிக்க வேண்டும். இதற்கு இரு முறைகள் உள்ளன.

* தனி வழங்கி: ஆட்டத்தில் பங்கேற்காத கணினி ஒன்று அனைவருக்கும் பொதுவாக இயங்கும். வழங்கி மென்பொருள் பொதுவில் கிடைத்தால், ஆர்வலரே அதை நடத்தலாம், விதிகளை வகுக்கலாம், ஏமாற்றுவோரை வெளியேற்றலாம்.
* ஆட்டக்காரர் வழங்கி: ஆடுவோரில் ஒருவரின் கருவியே வழங்கியாகவும் செயல்படும். வெளியீட்டாளருக்குச் செலவு குறைவு. ஆனால் வழங்கியாக அமைந்தவருக்கு இணையத் தாமதம் இல்லாததால் அவருக்குச் சாதகம் ஏற்படும். அவர் விலகினால் ஆட்டம் தடைப்படும்.

மாடர்ன் வார்ஃபேர் 2 இன் கணினிப் பதிப்பு இரண்டாவது முறையைப் பின்பற்றியது. அதில் அதிகபட்சம் 18 பேர் மட்டுமே சேர்ந்து ஆட முடிந்தது. பாட்டில்ஃபீல்டு 3 தனி வழங்கிகளைக் கொண்டிருந்தபோதிலும், வழங்கி மென்பொருள் பொதுமக்களுக்கு வழங்கப்படவில்லை. அனுமதி பெற்ற நிறுவனங்களிடம் வாடகைக்கே பெற முடிந்தது. மேலும், கணினியில் ஆட எலக்ட்ரானிக் ஆர்ட்சின் ஆரிஜின் மென்பொருளை நிறுவுவது கட்டாயமாக்கப்பட்டது.

## வெளியீட்டுக்கு முந்தைய நிகழ்வுகள்

2011 ஆகத்து மாதம் ஜெர்மனியில் நடந்த கேம்ஸ்காம் கண்காட்சியில், தாரை வானூர்திகளுடன் 64 பேர் ஆடும் காசுப்பியன் எல்லைக் களம் காட்டப்பட்டபோது எதிர்பார்ப்பு உச்சத்தை அடைந்தது. செப்டம்பர் 29 இல் தொடங்கிய பொது வெள்ளோட்டத்திலோ, பாரிசு நகரின் சுரங்க இரயில் நிலையத்தை மையமாகக் கொண்ட குறுகிய களமே முதன்மையாக வழங்கப்பட்டது. அதில் காலாட்படை மட்டுமே இருந்தது. ஆட்டக்காரர் தரைக்குள் புதைந்து போவது போன்ற வழுக்களும் காணப்பட்டன. இதனால் கால் ஆஃப் டியூட்டியைப் பின்பற்றிப் பாட்டில்ஃபீல்டு தன் இயல்பை இழந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. முழு ஆட்டம் வெளியானபோது பெருங்களங்கள் இருந்ததால் இவ்வச்சம் பெருமளவு நீங்கியது.

முன்பதிவு செய்வோருக்குச் சில ஆயுதங்களும் குண்டுகளும் தனியாக வழங்கப்படும் என்ற அறிவிப்பும் எதிர்ப்பைச் சந்தித்தது. பணம் செலுத்தியோருக்குக் களத்தில் சாதகம் கிடைக்கும் என்பதே குற்றச்சாட்டு. அவை பின்னர் அனைவருக்கும் கிடைக்கும் என டைஸ் விளக்கமளித்தது.

## வெளியீடும் விற்பனையும்

பாட்டில்ஃபீல்டு 3 அமெரிக்காவில் 2011 அக்டோபர் 25 அன்றும், மாடர்ன் வார்ஃபேர் 3 நவம்பர் 8 அன்றும் வெளியாயின. பாட்டில்ஃபீல்டு 3 முதல் வாரத்தில் 50 இலட்சம் படிகள் விற்றதாக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. மாடர்ன் வார்ஃபேர் 3 அமெரிக்காவிலும் ஐக்கிய இராச்சியத்திலும் முதல் 24 மணி நேரத்தில் 65 இலட்சம் படிகள் விற்று 40 கோடி டாலர் ஈட்டியதாகவும், 16 நாட்களில் 100 கோடி டாலரைக் கடந்ததாகவும் ஆக்டிவிஷன் அறிவித்தது. ஒன்றின் வெற்றி மற்றொன்றின் தோல்வியாக அமையும் என்ற பரவலான கணிப்பு பொய்த்தது.

## மதிப்பீடு

வெளியீட்டுக்கு முன் அதிகம் விவாதிக்கப்பட்டவை காட்சித் தரம், ஆட்டக்காரர் எண்ணிக்கை, ஆயுதங்கள் ஆகியனவே. இவை கண்ணால் கண்டு எளிதில் ஒப்பிடக்கூடியவை. ஆனால் எண்ணிக்கை மட்டும் ஆட்டத்தின் தரத்தை உறுதி செய்வதில்லை. 2021 இல் வெளியான பாட்டில்ஃபீல்டு 2042 இல் 128 பேர் ஆடும் வசதி இருந்தும், அவ்வாட்டம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

நீண்ட காலத் தாக்கத்தை ஏற்படுத்தியது வழங்கி பற்றிய கோரிக்கையே. பாட்டில்ஃபீல்டு 2 பயன்படுத்திய கேம்ஸ்பை சேவை 2014 இல் நிறுத்தப்பட்ட பின்னரும், வழங்கி மென்பொருள் ஆர்வலர் கையில் இருந்ததால் அவ்வாட்டத்தைத் தொடர்ந்து ஆட வழியிருந்தது. மாறாக, பிளேஸ்டேசன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றில் பாட்டில்ஃபீல்டு 3 இன் இணையச் சேவை 2024 நவம்பரில் நிறுத்தப்பட்டபோது, வட்டு கையில் இருந்தும் இணையவழி ஆட்டம் முடிவுக்கு வந்தது. 2009 இல் ஒப்பமிட்டோர் கேட்டது ஒரு தொழினுட்ப வசதியை மட்டுமன்று. விலை கொடுத்து வாங்கிய ஆட்டம் எத்தனை காலம் தம்முடையதாக இருக்கும் என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருந்தது.

## பிற்காலப் போட்டி

2025 இலும் இதே நிலை மீண்டும் தோன்றியது. பாட்டில்ஃபீல்டு 6 அக்டோபர் 10 அன்றும், கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 7 நவம்பர் 14 அன்றும் வெளியாயின. பாட்டில்ஃபீல்டு 6 முதல் மூன்று நாட்களில் 70 இலட்சம் படிகள் விற்றதாக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. கால் ஆஃப் டியூட்டியை உருவாக்கியவர்களுள் ஒருவரான வின்ஸ் சாம்பெல்லாவிடமே 2021 இறுதியில் பாட்டில்ஃபீல்டு தொடரின் தலைமைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.