ஓபர்லின் கல்லூரியும் கறுப்பினப் பெண்மணிகளும்

கல்லூரிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எவற்றைக் குறித்து வைக்கிறார்கள்? நிறுவியவர் பெயர், கட்டடம் எழுந்த ஆண்டு, பொருள் வழங்கிய செல்வர், தலைமை வகித்த அறிஞர் ஆகிய இவற்றைத்தாம். அங்கே பயின்று வெளியேறியவர்கள் உலகில் என்ன செய்தார்கள் என்பது கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம் பெற்றால் அதுவே பெரிது. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்த எனக்கு இந்த முறை தலைகீழானது என்று படுகிறது. கல்விச்சாலையின் மெய்யான வரலாறு அதன் வாயிலைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. இதற்குச் சான்றாக ஓர் அமெரிக்கக் கல்லூரியையும், அதில் பயின்ற சில கறுப்பினப் பெண்மணிகளையும் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் என்பது ஒரு சிற்றூர். நம்மவருக்கு இப்பெயர் முற்றிலும் புதியதன்று. அந்தக் கல்லூரியின் இளம் பட்டதாரிகள் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து பணியாற்றியதுண்டு. 1833-ஆம் ஆண்டில் காட்டை வெட்டித் திருத்தி அந்தக் கல்விச்சாலையை அமைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அதற்குப் பணமுடை வந்தது. அதே சமயத்தில், அடிமை முறையைப் பற்றி விவாதிக்கக் கூடாதென்ற தடையை எதிர்த்து, சின்சினாட்டி நகரத்து லேன் சமயக் கல்லூரியிலிருந்து மாணவர் பலர் வெளியேறியிருந்தனர். நிற வேற்றுமை பாராமல் மாணவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் நாங்கள் வருகிறோம், எங்களை ஆதரிக்கும் செல்வரும் உதவுவர் என்று அவர்கள் தெரிவித்தார்கள். நிருவாகக் குழு கூடியது. வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்து நின்றன. தலைவர் ஜான் கீப் அளித்த ஒற்றை வாக்கினால் 1835-இல் கறுப்பருக்குக் கதவு திறந்தது. 1837-இல் பெண்களும் ஆடவரோடு ஒத்த பட்ட வகுப்பில் சேர்ந்தனர். கொள்கையும் உண்டு, தேவையும் உண்டு. இரண்டும் சேர்ந்தே அந்தக் கதவைத் திறந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் கதவு திறப்பது வேறு. உள்ளே சென்று சம ஆசனத்தில் அமர்வது வேறு. ஓபர்லினில் இரண்டு பாடத்திட்டங்கள் இருந்தன. ஒன்று பெண்களுக்கென வகுத்த இலக்கியப் பாடம். அதை முடித்தால் பட்டம் கிடையாது. மற்றொன்று கிரேக்கம், இலத்தீன், உயர்கணிதம் ஆகியவை அடங்கிய பட்ட வகுப்பு. அதற்கு ‘ஆடவர் பாடம்’ என்றே பெயர் வழங்கிற்று. 1850-இல் லூசி ஸ்டான்டன் என்ற கறுப்பின மங்கை முதல் வகைப் பாடத்தை முடித்து, பட்டமளிப்பு விழா மேடையில் ஒடுக்கப்பட்டோருக்காகப் பரிந்து பேசினார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் கொடுஞ்சட்டம் அதே ஆண்டில்தான் நிறைவேறியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1862-இல், மேரி ஜேன் பேட்டர்சன் ஆடவர் பாடத்தையே பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பின மாதருள் அந்தப் பட்டத்தை முதன்முதல் பெற்றவர் அவரே என்பது வரலாற்றாசிரியர் கொள்கை.

அந்த 1862-ஆம் ஆண்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஓபர்லினில் பயின்று வந்த எட்மோனியா லூயிஸ் என்ற மாணவி, உடன் தங்கியிருந்த வெள்ளை மாணவியர் இருவருக்குப் பானத்தில் நஞ்சு கலந்து கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். வழக்கு விசாரணைக்கு வருமுன்பே சிலர் அவரை இரவில் பிடித்திழுத்து, அடித்து நொறுக்கி, வயல்வெளியில் போட்டுவிட்டுப் போனார்கள். அக்கல்லூரியிலேயே பயின்ற கறுப்பின வழக்கறிஞர் ஜான் மெர்சர் லாங்ஸ்டன் அவருக்காக வாதாடினார். நஞ்சு கலந்தது என்பதற்கே சான்று இல்லை என்று காட்டினார். வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனால் பட்டம் பெறாமலேயே அம்மங்கை கல்லூரியை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் ரோமாபுரி சென்று சிற்பக் கலையில் புகழ் பெற்றார். 1876-இல் பிலடெல்பியா நகரத்து நூற்றாண்டுப் பொருட்காட்சியில் அவர் சலவைக்கல்லில் வடித்த ‘கிளியோபாத்ராவின் மரணம்’ என்னும் சிலை இடம்பெற்றது. ஒரே கல்லூரி, ஒரே ஆண்டு; ஒருத்திக்குப் பட்டம், மற்றொருத்திக்கு அடி. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே சரித்திரம்.

அந்நாளில் அங்குப் பயின்ற மூன்றாமவர் பேன்னி ஜாக்சன். திருமணத்திற்குப் பின் பேன்னி ஜாக்சன் காப்பின் என்று வழங்கப் பெற்றார். 1837-இல் வாஷிங்டன் நகரில் அடிமையாகப் பிறந்தவர். மாதம் ஆறு டாலர் ஊதியம் பெற்ற அவருடைய சிற்றன்னை, 125 டாலர் கொடுத்து அவரை விடுவித்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 21 மாத ஊதியம்! ஒரு வேளை உணவுக்கும் எடுக்காமல் சேர்த்தாலும் இரண்டாண்டுக்கு அண்மையாகும். ஒரு பெண்ணின் பட்டினியிலிருந்து மற்றொரு பெண்ணின் கல்வி பிறந்தது. பேன்னி ஒரு செல்வர் வீட்டில் வேலை செய்துகொண்டே, ஒன்றுவிட்டு ஒரு நாள் பிற்பகலில் ஒரு மணி நேரம் தனி ஆசிரியரிடம் பாடங் கேட்டார். பின்பு ரோட் ஐலண்டு மாநில ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்று, 1860-இல் ஓபர்லினுக்கு வந்தார்.

ஓபர்லினில் மேல்வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஆயத்த வகுப்புகளை நடத்தும் வழக்கம் இருந்தது. பேன்னியையும் அவ்வாறு நியமித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: பிள்ளைகள் எதிர்ப்புக் காட்டினால் கல்லூரி அவர்களை வற்புறுத்தாது. பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய எனக்கு, முதன்முதல் வகுப்பில் நுழையும்போது கால் நடுங்குவது எப்படி என்று தெரியும். நம்முடைய அச்சமெல்லாம் பாடம் நன்றாக அமையுமோ என்பது மட்டுமே. இவருடைய நிலைமையோ வேறு. நிறம் கண்டு பிள்ளைகள் எழுந்து போய்விட்டால் அன்றோடு முடிந்தது. என்ன நடந்தது? வகுப்பில் சேருவோர் தொகை பெருகிக்கொண்டே போயிற்று. ஒன்றை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். வகுப்பில் விடை சொல்ல எழும்போதெல்லாம் தம் இனம் முழுவதன் மானமும் தம் தோள்மேல் இருப்பதாக உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் சுமையோடு, விடுதலை பெற்று ஊருக்கு வந்த முதியோர்க்கு எழுத்தறிவிக்க மாலை வகுப்பும் நடத்தினார். 1865-இல் பட்டம் பெற்றுப் பிலடெல்பியாவில் கறுப்பின இளைஞர் கல்விச்சாலையில் ஆசிரியையானார். 1869 முதல் 1902 வரை அதன் தலைமையாசிரியை. பேட்டர்சனும் சில ஆண்டுகள் அங்கே கற்பித்தார். இன்று பால்டிமோர் நகரில் உள்ள காப்பின் மாநிலப் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1884-ஆம் ஆண்டுப் பட்டதாரிகளுள் ஆன்னா ஜூலியா கூப்பர், மேரி சர்ச் டெரல் ஆகிய இருவரும் அடங்குவர். ஒருவர் வட கரோலினாவில் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்து, இளமையிலேயே கணவனை இழந்தவர். மற்றவர் மெம்பிஸ் நகரத்துச் செல்வர் மகள். ஆனால் இருவரும் ஆடவர் பாடத்தையே தேர்ந்தனர்; இருவரும் வாஷிங்டன் நகரில் கறுப்பின மாணவருக்கான உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியைகளாயினர். அந்தப் பள்ளியின் வரலாறு தனிச் சிறப்புடையது. 1870-இல் தொடங்கிய அதற்கு அடுத்த ஆண்டிலேயே தலைமையேற்று, இடையில் ஓராண்டு தவிர 1884 வரை நடத்தியவர், நாம் முன்னே கண்ட மேரி ஜேன் பேட்டர்சன். பிற்காலத்தில் எம் தெருப் பள்ளி என்றும், 1916 முதல் டன்பார் பள்ளி என்றும் அது பெயர் பெற்றது. 1902 முதல் 1906 வரை அதன் தலைமையாசிரியை ஆன்னா கூப்பர்.

கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிற் கல்வி போதும் என்ற கருத்து அக்காலத்தில் வலுத்திருந்தது. கூப்பர் அதற்கு உடன்படவில்லை. கைத்தொழிலை அவர் இழிவாகக் கருதினாரல்லர். விரும்புவோர்க்கு உயர்கல்வியின் வழி அடைபடலாகாது என்பதே அவர் வாதம். அவர் மாணவர்கள் ஹார்வர்டு, பிரவுன் முதலிய கல்லூரிகளில் இடம் பெற்றனர். பள்ளிக் குழுவில் அவரைப் பற்றிப் பெரும் சச்சரவு எழுந்து, 1906-இல் அவர் பதவி இழந்தார். மனம் ஒடிந்தாரா? 1910-இல் அதே பள்ளிக்கு இலத்தீன் ஆசிரியையாகத் திரும்பி வந்தார். தலைமை நாற்காலியில் இருந்தவர் சாதாரண ஆசிரியராக அதே வராந்தாவில் நடப்பது எளிதன்று. தலைமையாசிரியர் பணியை வகித்த எனக்கு அது நன்கு புரிகிறது. உறவினர் குழந்தைகள் ஐவரை எடுத்து வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்து, 1925-இல், தம் 66-ஆம் வயதில், பாரிஸ் சார்பான் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறையைப் பற்றி பிரான்சு கொண்டிருந்த நிலையே ஆராய்ச்சிப் பொருள். அவர் 1964-இல், 105 வயதில் காலமானார்.

இந்தப் பள்ளியின் விளைச்சலைப் பாருங்கள். 1921-இல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணிகள் மூவர். அவர்களுள் ஈவா டைக்சும் சேடி மாசெலும் இந்தப் பள்ளியில் பயின்றவர்கள். ஜார்ஜியானா சிம்சன் இதில் கற்பித்தவர். ஓபர்லினில் ஏற்றிய விளக்கிலிருந்து எத்தனை விளக்குகள்!

மேரி சர்ச் டெரல் 1896-இல் கறுப்பின மாதர் தேசிய சங்கத்தின் முதல் தலைவியானார். 1904-இல் பெர்லின் நகரத்து உலக மாதர் மாநாட்டில் செர்மன் மொழியிலேயே பேசினார். தாம் படித்த கல்லூரியிடம் அவருக்கு அளவற்ற அன்பு உண்டு. ஆயினும், 1913-ஆம் ஆண்டளவில் அவருடைய பெண்கள் அங்கே பயிலச் சென்றபோது, விடுதியில் இடம் தருவதில் நிற வேற்றுமை புகுந்திருப்பதைக் கண்டார். பழைய நன்றியை எண்ணி வாய் மூடி இருக்கவில்லை. கல்லூரித் தலைவருக்கே தம் கண்டனத்தை எழுதினார். 1950-இல், 86 வயதில், வாஷிங்டன் நகரில் ஓர் உணவு விடுதிக்குள் நண்பர்களோடு நுழைந்து, நிறம் காரணமாக உணவு மறுக்கப்பட்டார். மக்கள் மறந்துபோன பழைய நகரச் சட்டங்கள் இரண்டை ஆதாரமாகக் கொண்டு வழக்கு நடந்தது. 1953 ஜூன் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் இன்னும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அவர் காலமானார்.

ஓபர்லின் கல்லூரி தன் தலைமை நூலகத்திற்கு 2018-இல் டெரலின் பெயரைச் சூட்டியது. 2022-இல் எட்மோனியா லூயிசுக்கு, ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்து, அவர் பெறாது போன பட்டத்தை வழங்கியது. இறந்தவருக்குப் பட்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அது இறந்தவருக்கு அன்று. இன்று அவ்வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு. இந்த இடத்தில் உங்களைப் போன்ற ஒருத்திக்கு அநீதி நடந்தது, அதை நாங்கள் மறைக்கவில்லை என்று சொல்லும் செய்தி அது.

ஒரு கல்லூரி தன் கறுப்பினப் பெண்மணிகளைக் கொண்டாடுவது என்றால் இவ்வாறுதான் கொண்டாட வேண்டும். பேட்டர்சனின் பட்டத்தை மட்டும் சொல்லி லூயிசின் காயத்தை விட்டுவிட்டால் அது விளம்பரம்; காயத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் குறை. 1835-இல் ஒற்றை வாக்கு அந்தக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அந்தக் கதவு மீண்டும் சாத்திக்கொள்ளாதபடி நூறாண்டுக்கு மேல் தோள் கொடுத்துத் தாங்கி நின்றவர்கள் இந்தப் பெண்மணிகள். ஓபர்லினின் வரலாற்றில் அவர்களுக்கு உரியது கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம் அன்று. முதல் அத்தியாயத்திலிருந்தே அவர்கள் இடம்பெற வேண்டும்.