மண்டலம்

வடமொழியில் வட்டம் என்று பொருள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் இது அரசுகளின் வட்டம்: ஓர் அரசனின் எல்லையை ஒட்டி ஆள்பவன் அரி (பகைவன்), அவனுக்கு அப்பால் இருப்பவன் மித்திரன் (நண்பன்), இப்படிப் பன்னிரண்டு அரசர்கள். எவரோடும் சேராமல் விலகி நிற்கும் பெருவலியன் உதாசீனன். இன்று அலட்சியம் என்ற பொருளில் நாம் சொல்லும் உதாசீனம் அதே சொல்தான். கிரந்த எழுத்துச் சுவடி ஒன்றிலிருந்து மைசூரில் ஷாமசாஸ்திரி 1909இல் அர்த்தசாஸ்திரத்தைப் பதிப்பித்த பிறகே, வெளியுறவுக் கொள்கை ஆய்வாளர்கள் மண்டலம் என்ற சொல்லைக் கையாளத் தொடங்கினார்கள். தென்கிழக்காசியாவின் பழைய அரசுகளை விளக்க வரலாற்றாசிரியர் ஓ. டபிள்யூ. வோல்டர்ஸும் 1982இல் இதையே எடுத்துக்கொண்டார். சோழர்களோ இதை ஆட்சிப் பிரிவுக்குப் பெயராக வைத்தார்கள். ஜெயங்கொண்ட சோழமண்டலம் அப்படி வந்தது. ‘அண்டை நாடென்றாலே பகை’ என்று கௌடில்யரைச் சுருக்குவது அநியாயம். அண்டை அரசர்களிலேயே நட்பாக நடப்பவர்களையும் அவர் தனியே வகைப்படுத்தியிருக்கிறார்.