சூரியக் காற்றும் விண்வெளிப் பாயும்

வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். விண்வெளிக் காற்றுக்கேற்ற கப்பல்களும் பாய்களும் அமையுமானால் அங்கும் செல்லத் துணிவோர் இருப்பர் என்று 1610இல் கலிலியோவுக்கு எழுதினார் கெப்ளர். பின்னர் 1619இல் வெளிவந்த தம் வால்மீன் நூலில், சூரியக் கதிர்களே வாலைத் தள்ளுகின்றன என்றும் கருதினார்.

அது பாதி உண்மை. வால்மீன்கள் பலவற்றுக்கு வால்கள் இரண்டு. வளைந்த தூசு வாலைத் தள்ளுவது ஒளி. ஒளிக்கு அழுத்தம் உண்டென்பதை மாக்ஸ்வெல் கணக்கிட்டார். 1901இல் லெபெதேவ் அதனை அளந்து காட்டினார். நேராக நீளும் அயனி வாலுக்கோ ஒளி போதாது. சூரியனிலிருந்து ஓயாது வெளியேறும் துகள்களே காரணம் என்று 1951இல் பியர்மன் வாதிட்டார்.

சூரியனின் வெளி வளிமண்டலம் கடும் வெப்பத்தால் நிலைத்து நிற்க இயலாமல் ஒலியை விஞ்சும் வேகத்தில் வெளியே பாயும் என்று 1958இல் நிறுவியவர் யூஜின் பார்க்கர். அவருடைய கட்டுரையை மதிப்பீட்டாளர் இருவரும் நிராகரித்தனர். இதழாசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் அக்கருத்தில் உடன்பாடில்லை. ஆயினும் கணக்கில் பிழை இன்மையால் அதனை வெளியிட்டார். வெண்குள்ள விண்மீன் பற்றிய தம் முடிவை 1935இல் எடிங்டன் அவையில் எள்ளி நகையாடக் கேட்டவர் அவர். 1962இல் மரைனர் 2 விண்கலம் சூரியக் காற்றை ஐயமற உறுதிசெய்தது.

ஆனால் இப்பெயர் நம்மைத் திசைதிருப்பவும் கூடும். இன்றைய விண்வெளிப் பாய்களைச் செலுத்துவது இக்காற்றன்று, ஒளியே. காற்றின் அழுத்தம் ஒளியினுடையதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. 2010இல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ் கலத்தின் பாய், பக்கம் 14 மீட்டர் கொண்டது. தடிமனோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் குறைவு.

ஒளி வெளிநோக்கியே தள்ளுமெனில் உள்நோக்கிச் செல்வது எங்ஙனம்? பாயைச் சாய்த்தால் விசையின் ஒரு கூறு கலத்தின் சுற்றுப்பாதை இயக்கத்திற்கு எதிராக அமையும். வேகம் குறைய, கலம் சூரியனை நோக்கிச் சுருள்வட்டமாக இறங்கும். மறுபுறம் சாய்த்தால் விலகிச் செல்லும்.

காற்றையே பிடிக்கும் வழியைப் பின்லாந்தின் பெக்கா யான்ஹுனென் முன்மொழிந்தார்: மின்னேற்றிய நெடுங்கம்பிகள், அவற்றின் மின்புலத்தால் விலக்கப்படும் புரோட்டான்கள். 2013இல் எஸ்டோனியாவின் சிறுகோள் இதனைச் சோதிக்கச் சென்றது, கம்பி விரியவில்லை. கெப்ளரின் காற்றுக்கு ஏற்ற பாய் இன்னும் விரிந்தபாடில்லை. அக்காற்றை நாம் அறிந்ததோ, தமக்கு உடன்பாடற்ற கட்டுரையையும் அச்சேற்றிய ஓர் ஆசிரியரின் நேர்மையால்.